கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றுவது: ஐந்தாயிரம் ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. 1994-இல் நடந்த அவருடைய அக்காளின் திருமணம் இரண்டு பெரிய வீடியோ கேசட்டுகளில் இருக்கிறது. 2002-இல் பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது மாமா எடுத்த ஹேண்டிகேம் கேசட்டுகள் சிலவும் இருக்கின்றன. வீட்டில் டெக் இல்லை; மடிக்கணினி ஒன்று உண்டு; ஹேண்டிகேம் மாமா வீட்டில் கிடக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகாமல் இவற்றைக் கணினியில் ஏற்ற முடியுமா, டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக்கு மாற்றித் தருவதாக இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கருவி உருப்படியானதா, அல்லது பேசாமல் ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் அந்த ஐந்தாயிரத்தில் பெரும்பகுதியைக் கணினிப் பக்கம் செலவழிக்காமல், கேசட்டை ஓட்டிக் காட்டும் டெக்கின் பக்கம் செலவழிக்க வேண்டும். விஎச்எஸ் எனப்படும் இந்தப் பெரிய கேசட்டின் நாடாவில் பதிவாகியிருப்பதே கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கான விவரம்தான். அதைக் கணினியில் பதிந்துகொள்ள எளிய கருவியே போதும். நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட் தேய்ந்து, பெல்ட்டும் தளர்ந்துபோன டெக் படிக்காமல் விட்டதையோ எந்த மென்பொருளாலும் பிறகு வரவழைக்க முடியாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பரணில் கிடந்த டெக்கைத் துடைக்காமல் கொள்ளாமல் மின்சாரத்தில் செருகிவிட்டு, படம் ஆடுகிறதே என்று கருவியை மாற்றி மாற்றி வாங்குகிறார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கையில் இருப்பது நல்ல பிரதிதானா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் பேனாசோனிக் எம் 3500, எம் 9000 போன்ற தோளில் வைத்து எடுக்கும் கேமராக்களில் எடுக்கப்பட்டவை. எடுத்த கேசட்டை ஸ்டுடியோவில் வைத்து, தலைப்பு எழுத்து, இதய வடிவத்தில் விரியும் காட்சி மாற்றம், இடையிடையே சினிமாப் பாட்டு என்று மிக்சிங் செய்து இன்னொரு கேசட்டில் பதிவார்கள். அதிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று நகல் போடுவார்கள். அனலாக் பதிவில் ஒவ்வொரு நகலுக்கும் நிறமும் கூர்மையும் ஒரு படி இறங்கும். உங்களிடம் இருப்பது சித்தப்பா வீட்டிலிருந்து வாங்கி நகல் எடுத்த கேசட்டாக இருந்தால், முதலில் சம்பந்தி வீட்டில் விசாரியுங்கள். படமெடுத்தவர் இன்னும் தொழிலில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். செலவில்லாமல் தரத்தைக் கூட்டுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். ஆகவே 1990களில் ஓசூரிலோ பர்கூரிலோ நடந்த கல்யாணமாக இருந்தாலும் கேசட்டின் அட்டையிலும் தலைப்பு எழுத்திலும் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். உறவினர்களின் கேசட்டுகளைச் சேர்த்து வைத்துப் பிரிக்கும்போது அட்டையை மட்டும் நம்பி ஊரைத் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்து, கேசட்டின் உடல்நிலை. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக, நல்ல வெளிச்சத்தில், சுருண்டிருக்கும் நாடாவின் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். அது கறுப்பாக, ஒரே சீராக மினுங்க வேண்டும். வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ பொடி பூத்தது போல், திட்டுத் திட்டாகவோ நூலிழையாகவோ ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக் குளிர்ச்சியிலும், எந்த ஊராக இருந்தாலும் ஈரம் ஊறும் சுவரை ஒட்டிய பீரோவிலும் இது அதிகம் வரும். பூஞ்சை பிடித்த கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடாதீர்கள். அந்தப் பொடி ஹெட்டில் அடைத்துக்கொள்வதோடு நிற்காமல், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். சிலவேளை நாடாவே கிழிந்துவிடும். வடகம் காயவைப்பது போல மொட்டை மாடியில் கேசட்டை வெயிலில் வைப்பவர்கள் உண்டு. அதனால் நாடா நெளிந்துபோகுமே தவிரப் பூஞ்சை போகாது. நிழலில், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் சில நாட்கள் வைத்துவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மென்மையான உலர்ந்த துணியால் நாடாவைத் தொட்டவாறு மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். கைக்குப் பழக்கமில்லாத வேலை இது. ஒரே பிரதிதான் இருக்கிறது, பூஞ்சையும் நிறைய இருக்கிறது என்றால், அந்த ஒரு கேசட்டை மட்டும் இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மேல் ஓடு உடைந்திருப்பது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. விஎச்எஸ் கேசட்டின் அடியில் ஐந்து திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு தூக்கி, பழைய சினிமா கேசட் ஒன்றின் ஓட்டுக்குள் அதே போக்கில் உட்கார வைத்துவிடலாம்.

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இடது ஓரமாக ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது இன்னும் உடைக்கப்படாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறுதலாக ரெக்கார்ட் பொத்தானில் கை பட்டாலும் எதுவும் அழியாது.

இனி டெக். புதிதாக வாங்க வழியில்லை. கடைசியாக விசிஆர், அதாவது டெக், தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஆகவே பழையதுதான். 1980களிலும் 90களிலும் நம் ஊர்களில் டிவியையும் டெக்கையும் நாள் வாடகைக்கு எடுத்து வந்து விடிய விடியப் படம் போட்டார்கள் அல்லவா, அப்படி வாடகைக்கு ஓடிய டெக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் ஹெட் என்றோ தேய்ந்திருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டுவந்து, பூத்தையல் போட்ட துணியால் மூடி வைத்து, எப்போதாவது மட்டும் ஓட்டிய டெக்தான் நமக்கு வேண்டியது. உறவினர் வீட்டுப் பரண்களில் முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சேலத்திலும் ஓசூரிலும் உள்ள பழைய பொருள் கடைகளைப் பாருங்கள். பெங்களூரு போக முடிந்தால் சிக்பேட்டை பக்கம் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் ஞாயிறுதோறும் கூடும் பழைய பொருள் சந்தையும் உண்டு. மிகப் பழைய, கனமான டெக்குகளைக் காட்டிலும் 1990களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ வந்தவற்றை நான் விரும்புவேன். அவற்றின் உடல் இலேசானது என்றாலும் ரப்பர் பாகங்கள் அவ்வளவு கெட்டிருக்காது.

வாங்கும்போது போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சினிமா கேசட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேசட்டைப் போட்டுப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, முன்னோட்டி, பின்னோட்டி, நிறுத்தி, வெளியே எடுத்து, மூடியைத் தூக்கி நாடாவின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கசங்கியிருந்தால் அந்த டெக்கைத் தொடாதீர்கள். நாடாவின் ஒரு விளிம்பில் ஒலியும் மறு விளிம்பில் படத்தை நிலைப்படுத்தும் கட்டுப்பாட்டுத் தடமும் ஓடுகின்றன. விளிம்பைக் கடிக்கும் டெக் இரண்டையும் ஒருசேரக் கெடுத்துவிடும். படத்தில் பனி கொட்டுவது போல் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. அதற்காக டெக்கை ஒதுக்க வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின்பக்கத்தில் மஞ்சள் நிற வீடியோ அவுட் சாக்கெட் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்தக் காலத்து டிவிகளில் ஆன்டெனா சாக்கெட் மட்டுமே இருந்ததால் பலரும் அந்த வழியாகத்தான் டெக்கை இணைத்தார்கள். அந்த வழியாக வரும் படம் மங்கலாகவும் இரைச்சலோடும் இருக்கும்.

வாங்கிய டெக்கை முதலில் ஒரு பழைய டிவி மெக்கானிக்கிடம் காட்டி, பெல்ட்டையும் ரப்பர் உருளையையும் பார்க்கச் சொல்லுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த வேலை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது எல்இடி டிவிகளைப் பழுது பார்க்கிறார்கள் என்றாலும் டெக்கைத் திறந்ததும் கை தானாகவே வேலை செய்யும். ஹெட்டைத் துடைப்பதை நீங்களே செய்யலாம். மின்சாரத்தைத் துண்டித்து மேல் மூடியைக் கழற்றினால், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் பளபளவென்று ஓர் உலோக உருளை சற்றே சாய்ந்து நிற்பதைக் காண்பீர்கள். அதன் விட்டம் 62 மில்லிமீட்டர். நம் நாட்டு டிவிக்குரிய பால் (PAL) என்ற வீடியோ முறையில் அது வினாடிக்கு 25 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில் எதிரெதிராகப் பதிந்துள்ள ஹெட்டுகள்தான் நாடாவைத் தொட்டுப் படத்தைப் படிக்கின்றன. வெள்ளைத் தாளைச் சிறு துண்டாக வெட்டி, செல்போன் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒரு விரலால் உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை அதன் உச்சியைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை தாளை மாற்றி மாற்றிச் செய்யலாம். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியும் ஆகாது, அதன் இழை ஹெட்டில் மாட்டி அதையே செய்யும். நன்றாக உலர்ந்த பிறகே கேசட்டைப் போட வேண்டும்.

நீங்கள் கேட்ட யுஎஸ்பி கருவிக்கு இப்போது வருவோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகளோடு வரும் மலிவான கருவிகள் ஒரே தோற்றத்தில் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறுவேறு. சில நன்றாக வேலை செய்யும், சில நிறத்தை அடித்துவிடும். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே சோதித்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியுமானால் ஹாப்பாக் யுஎஸ்பி லைவ் 2, ஐ-ஓ டேட்டா ஜிவி-யுஎஸ்பி 2 போன்றவை நம்பகமானவை. ஆனால் டெக்குக்கே பணம் இழுக்கிறது என்றால் மலிவானதோடு சமாளிக்கலாம். ஏவி சிக்னலை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை வாங்கி, அதோடு ஒரு எச்டிஎம்ஐ பதிவுக் கருவியையும் மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பெட்டி 576 கோடுப் படத்தை 720 அல்லது 1080 ஆக ஊதிப் பெருக்கி, வினாடிக்கு 50 அரைப்படங்களாக வரும் அசைவை 60-க்குத் திரித்து, தட்டுத் தடுமாறும் ஒரு கோப்பைத்தான் தரும்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் எதிர்பார்த்திருங்கள். நாடா இழுபடும் வேகத்தில் நுண்ணிய தடுமாற்றம் எப்போதும் உண்டு. பழைய குழாய் டிவி அதைப் பொறுத்துக்கொண்டு படத்தைக் காட்டும். எண்முறைக் கருவி பொறுக்காது, படத்தின் நேர்க்கோடுகள் நெளியும் அல்லது திரை திடீரெனக் கறுத்துப்போகும். இதைச் சரிசெய்யும் தனிக் கருவி நம் செலவுக்கு எட்டாது. யாரிடமாவது பழைய டிவிடி ரெக்கார்டர் இருந்தால், அதாவது வெறும் பிளேயராக இல்லாமல் ஏவி இன் சாக்கெட் உள்ள ரெக்கார்டராக இருந்தால், டெக்கிலிருந்து அதற்குள் கொடுத்து அதிலிருந்து யுஎஸ்பி கருவிக்கு எடுங்கள். டிஸ்க்கில் எதையும் பதிய வேண்டியதில்லை. பேனாசோனிக் டிஎம்ஆர்-இஎஸ் 10, இஎஸ் 15 ஆகிய மாடல்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

கணினியில், கருவியோடு வரும் சிடியிலுள்ள மென்பொருளை ஓட்டுநர் நிரலுக்காக (டிரைவர்) மட்டும் பயன்படுத்துங்கள். பதிவுக்கு விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள் நல்லது. வீடியோ முறை பால்-பி, அளவு 720 பெருக்கல் 576, வினாடிக்கு 25 படம், நிறம் ஒய்யுஒய்2 என்று வையுங்கள். இயல்பிருப்பாக அமெரிக்க வீடியோ முறையான என்டிஎஸ்சி இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அமெரிக்காவிலிருந்து யாரேனும் அனுப்பிய கேசட் இருந்தால் மட்டுமே என்டிஎஸ்சி பக்கம் போக வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இலங்கை எல்லாமே பால்தான். ஒலியை மடிக்கணினியின் மைக்கிலிருந்து எடுக்காமல் கருவியின் சாக்கெட்டிலிருந்து எடுக்கும்படி தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் நாதஸ்வரத்துக்குப் பதிலாக உங்கள் வீட்டு மின்விசிறியும் மிக்சியும்தான் பதிவாகும். டெக்கில் ஒலிக்கு ஒரே சாக்கெட் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு காதில் மட்டும் கேட்பதை இரு காதுக்கும் பிறகு பகிர்ந்துகொள்ளலாம்.

பிரகாசத்தை அமைப்பதில் சற்று நேரம் செலவிடுங்கள். அக்காலத்தில் வீடியோக்காரரோடு ஒருவர் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்; மணமேடையில் அந்த வெளிச்சம் நேராக மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையிலும் வேட்டியிலும் விழும். முகூர்த்தக் காட்சி ஒன்றில் நிறுத்தாமல் ஓடவிட்டு, வேட்டியின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வேட்டி முழுவதும் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தால், கருவியின் அமைப்பில் பிரகாசத்தையும் கான்ட்ராஸ்டையும் மடிப்பு தெரியும் வரை குறையுங்கள். பதிவில் வெளுத்துப்போன பகுதியைப் பிறகு மீட்க முடியாது. சற்று மங்கலாகப் பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். படத்தின் அடியில் சில கோடுகள் கோணிக்கொண்டு தெரியும். ஹெட் மாறும் இடம் அது, எல்லா விஎச்எஸ் கேசட்டிலும் உண்டு, பதிவின்போது வெட்ட வேண்டாம்.

எந்த வடிவத்தில் சேமிப்பது என்பது உங்கள் வன்தட்டில் உள்ள இடத்தைப் பொறுத்தது. சுருக்காமல் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். ஹஃப்யுவ் அல்லது லாகரித் போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அது மணிக்கு 30 ஜிபி அளவுக்கு இறங்கும். உங்கள் இரண்டு கேசட்டுகளும் மூன்று மணி நேரக் கேசட்டுகளாக இருந்தால் மொத்தம் 180 ஜிபி வேண்டும். அவ்வளவு இடமில்லை என்றால் ஓபிஎஸ் மென்பொருளில், கருவியின் அமைப்பில் அரைப்படங்களை முழுப் படங்களாக்கும் யாடிஃப் 2x என்ற இடைவரி நீக்கத்தைத் தேர்ந்து, வினாடிக்கு 50 படமாக, எச்.264 முறையில் 15 மெகாபிட் வேகத்தில் நேரடியாகப் பதியலாம். மணிக்கு 7 ஜிபிக்குள் அடங்கிவிடும். நான் முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். பதிவு முடிந்து, நிதானமாகப் பார்வைப் பிரதி தயாரித்த பிறகு பெரிய கோப்பை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபேட்32 முறையில் உள்ள வெளித்தட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, தாலி கட்டும் நேரத்தில் பதிவு நின்றுபோவதற்கு இது ஒன்றே போதும். தட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்; மாற்றும்போது தட்டில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

நீண்ட நாள் ஓடாத கேசட்டை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோட்டி, பிறகு முழுவதும் பின்னோட்டிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபட்டு நாடா சீராக ஓடும். மூன்று மணி நேரக் கேசட் பதிவாக மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும், அதை விரைவுபடுத்த வழியே கிடையாது. அந்த நேரத்தில் மடிக்கணினியில் வேறு வேலை பார்க்காதீர்கள். வைஃபையையும் தானாக நடக்கும் புதுப்பிப்புகளையும் நிறுத்திவையுங்கள். விர்ச்சுவல்டப்பின் ஓரத்தில் தவறிய படங்களின் எண்ணிக்கை காட்டப்படும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறினால் பரவாயில்லை, விடாமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி ஹெட்டையும், ஹெட் நாடாவின் தடத்தோடு பொருந்துவதைச் சரிசெய்யும் டிராக்கிங்கையும் பார்க்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். நாடா உருளையைச் சுற்றியிருக்கும்போது மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் டெக் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வதற்கில்லை. கோடையில் மாலை இடிமழை நேரத்தையும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தையும் தவிர்த்தால், நம் பகுதியில் இந்த வேலைக்குத் தை, மாசி மாதங்கள் தோதானவை.

காது குத்து கேசட்டுகளுக்கு வழி வேறு. சின்ன கேசட் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு இனங்கள் உண்டு. மேலே 8 அல்லது ஹை8 என்று எழுதியிருந்தால் அது 8 மில்லிமீட்டர் நாடா. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக, மினிடிவி என்று எழுதியிருந்தால் அது எண்முறைப் பதிவு. 8 மில்லிமீட்டர் கேசட்டை எந்த விஎச்எஸ் டெக்கிலும் போட முடியாது, அதற்கான அடாப்டரும் கிடையாது. எடுத்த கேமராவையே உயிர்ப்பிக்க வேண்டும். மாமாவின் ஹேண்டிகேமை முதலில் எடுத்துப் பாருங்கள். பேட்டரி செத்துப்போயிருக்கும், அது பிரச்சினை இல்லை. சார்ஜரோடு நேராக இணைத்து ஓட்டினால் போதும். டெக்கைப் போலவே மஞ்சள் கம்பி வழியாக, முடிந்தால் எஸ்-வீடியோ வழியாக, அதே யுஎஸ்பி கருவிக்குக் கொடுக்கலாம். எஸ்-வீடியோவில் நிறமும் ஒளியும் தனித்தனிக் கம்பியில் வருவதால் ஹை8 கேசட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மினிடிவியாக இருந்தால் அதிர்ஷ்டம். நாடாவில் இருப்பது ஏற்கெனவே எண்களாக இருக்கிறது. கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் என்ற கம்பி வழியாக எடுத்தால் படம் துளியும் மாறாமல் அப்படியே கோப்பாக வந்து சேரும், மணிக்கு 13 ஜிபி. சோனி கேமராவில் அந்தச் சாக்கெட்டுக்கு ஐ.லிங்க் என்று பெயர் போட்டிருப்பார்கள். சிக்கல் என்னவென்றால் இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை. ஒரு முனை யுஎஸ்பி, மறு முனை ஃபயர்வயர் என்று மலிவாக விற்கும் கம்பியை வாங்கி ஏமாறாதீர்கள், அது இந்த வேலைக்கு உதவவே உதவாது. கேமராவிலேயே உள்ள யுஎஸ்பி சாக்கெட்டும் பெரும்பாலான மாடல்களில் புகைப்படத்துக்கும் தரம் குறைந்த காட்சிக்கும் மட்டுமே. 2005 முதல் 2010 வரை வந்த மடிக்கணினிகள் பலவற்றில் நான்கு முனை ஃபயர்வயர் சாக்கெட் இருந்தது. அப்படியொன்று யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய மேசைக் கணினி இருந்தால், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அல்லது வியா நிறுவனச் சிப் உள்ள பிசிஐ ஃபயர்வயர் அட்டையைப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேடலாம். விண்டோஸ் 7-இல் வின்டிவி, லினக்ஸில் டிவிகிராப், இரண்டுமே இலவசம், இரண்டுமே எளிது. எதுவும் வாய்க்காவிட்டால் மஞ்சள் கம்பி இருக்கவே இருக்கிறது. கிடைப்பது இரண்டாம் தரம்தான் என்றாலும் கேமரா ஓடும்போதே எடுத்துவிடுவது மேல்.

பதிவுக்குப் பிறகு குடும்பத்தாருக்குக் கொடுக்கும் பிரதியை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் தயாரிக்கலாம். இடைவரி நீக்கத்தில் பிடபிள்யூடிஐஎஃப் முறையை, ஒவ்வொரு அரைப்படத்தையும் தனிப் படமாக்கும் பாப் அமைப்பில் வைத்து, வினாடிக்கு 50 படமாகவும் 768 பெருக்கல் 576 அளவாகவும் எடுங்கள். 25 படமாக எடுத்தால் அசைவில் பாதி போய்விடும். திரையை நிரப்ப வேண்டும் என்று 16:9-க்கு இழுக்காதீர்கள், எல்லோரும் குள்ளமாகவும் குண்டாகவும் தெரிவார்கள். செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பாட்டியின் முகத்தை மெழுகுப் பொம்மையாக்கிவிடுகின்றன; மூலக் கோப்பைத் தொடாத வரையில் ஆசைக்கு ஒருமுறை செய்து பாருங்கள், நான் செய்யமாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நசுங்கும், ஆகவே அதைப் பிரதியாகக் கருதாதீர்கள். யூடியூபில் ஏற்றினால் மிக்சிங்கில் சேர்த்த சினிமாப் பாட்டுகளுக்காக உரிமைக் கோரிக்கை வரக்கூடும்; தனிப்பட்ட அமைப்பில் ஏற்றினாலும் இது நடக்கும்.

ஸ்டுடியோவைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய கேசட் இரண்டே இரண்டுதான், டெக் தேடி அலைய நேரமில்லை என்றால் அங்கே கொடுப்பது தவறே இல்லை. கணக்குப் பார்த்தால் அதுவே மலிவாகவும் முடியலாம். உறவினர் வீட்டுக் கேசட்டுகளையும் சேர்த்து ஐந்தாறு தேறும் என்றால் சொந்தமாகச் செய்வதே இலாபம். கொடுப்பதானால் டிவிடியாக வாங்காமல் கோப்பாக வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி வரும், இடைவரி நீக்கி 25 படமாக்கிவிடுவார்களா, ஓரத்தை வெட்டுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு மணி நேரத்தை 700 எம்பியில் அடக்கித் தருகிறேன் என்று சொன்னால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். முதலில் ஒரு கேசட்டை மட்டும் கொடுத்து, வந்த கோப்பைத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களிலும் உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள்.

கோப்புகளை இரண்டு வெவ்வேறு வெளித்தட்டுகளில் வையுங்கள், ஒன்று அக்காள் வீட்டில் இருக்கட்டும்; பென்டிரைவை நம்பி மட்டும் வைக்க வேண்டாம். கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், நிகழ்ச்சி மூன்றையும் எழுதுங்கள். கேசட்டுகளை முழுவதும் பின்னோட்டி, புத்தகத்தைப் போல் நிமிர்த்தி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். எல்லாப் பிரதிகளையும் முதலிலிருந்து கடைசி வரை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்து முடித்த பிறகே டெக்கை விற்பதைப் பற்றி யோசியுங்கள். நல்ல நிலையில் உள்ள டெக்குக்கு வாங்கிய விலையை ஒட்டியே திரும்பக் கிடைக்கும்; அப்படிக் கிடைத்தால் உங்கள் ஐந்தாயிரத்தில் உண்மையில் செலவானது கருவிக்கும் கம்பிக்கும் மெக்கானிக்குக்கும் கொடுத்தது மட்டும்தான்.